நவம்பர் 9: ஒரு நாளின் வரலாற்றைப் பிழையில்லாமல் தொகுப்பது எப்படி

'வரலாற்றில் இன்று' எழுதுவது சுலபம் என்றுதான் தோன்றும். கலைக்களஞ்சியத்தில் அந்தத் தேதிக்குரிய பக்கத்தைத் திறந்து, தெரிந்த பெயர்களாகப் பத்து எடுத்து, ஆளுக்கு ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது. அப்படி எழுதிய பட்டியல்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பெயர்த்தெழுதப்பட்டு ஆண்டுக்கணக்கில் சுற்றுகின்றன. முதல் பட்டியலில் இருந்த பிழையும் கூடவே சுற்றுகிறது.

கீழே உள்ள முறை ஒரு தேதிக்குப் பத்துப் பன்னிரண்டு பதிவுகள் தேற்றுவதற்கானது. அரசியலும் பண்பாடும் கலந்து வர வேண்டும். யாராவது 'இது எங்கே இருக்கிறது?' என்று கேட்டால் ஒவ்வொரு வரியும் நிற்க வேண்டும். மாதிரிக்கு நவம்பர் 9-ஐ எடுத்துக்கொள்வோம். இந்த வேலையில் வரக்கூடிய சிக்கல்கள் ஏறத்தாழ எல்லாமே அந்த ஒரு தேதியில் கிடைக்கின்றன.

தேதிக்கு முன்னால் வினைச்சொல்

பெரிய நிகழ்ச்சி எதற்கும் ஒரே தேதி இருப்பது அபூர்வம். முடிவெடுத்த நாள், அறிவித்த நாள், கையெழுத்தான நாள், நடைமுறைக்கு வந்த நாள், ஊருக்குத் தெரிந்த நாள் எல்லாம் வேறு வேறு. ஆகவே 'அன்று என்ன நடந்தது' என்று தேடுவதைவிட 'அன்று யார் என்ன செய்தார்' என்று தேடுவது நல்லது. வினைச்சொல் சரியாக அமைந்தால் தேதியும் சரியாக உட்காரும். வினை தளர்ந்தால் நல்ல ஆதாரத்தை வைத்துக்கொண்டே தப்பான வரி எழுதிவிடலாம்.

1918-ஐப் பாருங்கள். 'ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் முடிதுறந்தார்' என்று பல பட்டியல்கள் நவம்பர் 9-இல் போடுகின்றன. அன்று பேரரசர் பெர்லினிலேயே இல்லை. அவருடைய ஒப்புதல் வந்துசேரும் முன்பே, அவர் முடிதுறந்துவிட்டதாக சான்சலர் (தலைமை அமைச்சர்) மாக்ஸ் ஃபான் பாடன் அறிவித்தார். பிற்பகல் சுமார் 2 மணிக்கு பிலிப் ஷைடமன் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து குடியரசைப் பிரகடனம் செய்தார். அதே பிற்பகலில் கார்ல் லீப்க்னெக்ட் அரண்மனையருகே தம் பங்குக்கு ஒரு சோஷலிசக் குடியரசைப் பிரகடனம் செய்தார். வில்ஹெல்ம் மறுநாள் நெதர்லாந்துக்குள் போனார். முடிதுறப்பு ஆவணத்தில் கையெழுத்திட்டது நவம்பர் 28-இல்தான். ஆக, நவம்பர் 9-க்கு 'அறிவிக்கப்பட்டது' பொருந்தும், 'முடிதுறந்தார்' பொருந்தாது.

1989-இலும் இதே கதை. 'பெர்லின் சுவர் இடிக்கப்பட்டது' என்று எழுதினால் பிழை. அன்று மாலை 6 மணிக்குத் தொடங்கிய செய்தியாளர் கூட்டத்தின் கடைசியில், கிழக்கு ஜெர்மன் கட்சிப் பேச்சாளர் குந்தர் ஷபோவ்ஸ்கி புதிய பயண விதிகள் 'உடனடியாக' அமலுக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். விதிகள் மறுநாள் வெளியாக வேண்டியவை. கூட்டம் எல்லைச் சாவடிகளில் குவிந்தது. இரவு சுமார் 11.30-க்கு போர்ன்ஹோல்மர் தெருச் சாவடி முழுவதுமாகத் திறந்துவிடப்பட்டது. மக்கள் அன்றிரவே சுவரைக் கொத்தத் தொடங்கினார்கள் என்பது உண்மை. அரசு முறைப்படி இடிக்கத் தொடங்கியது 1990 ஜூனில். எனவே 'திறக்கப்பட்டது' என்று எழுதுங்கள்.

இந்தியாவில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் பற்றிய அறிவிப்பு வந்தது 2016 நவம்பர் 8 இரவு 8 மணிக்கு. அவை செல்லாமல் போனது நள்ளிரவு தாண்டி, நவம்பர் 9-இல். இரண்டு தேதியிலும் பதிவு போடலாம், வினை மாற வேண்டும். ஐன்ஸ்டைனின் நோபல் பரிசிலும் இந்தப் பொறி உண்டு: அது 1921-ஆம் ஆண்டுக்கான பரிசு, ஆனால் அறிவிக்கப்பட்டது 1922 நவம்பர் 9-இல். '1921 நவம்பர் 9: ஐன்ஸ்டைனுக்கு நோபல்' என்று எங்காவது கண்டால், எழுதியவர் பரிசின் ஆண்டையும் அறிவிப்பின் தேதியையும் ஒட்டுப்போட்டுவிட்டார் என்று பொருள்.

வினைகளைப் பிரித்துப் பார்க்க இன்னும் இரண்டு மாதிரிகள். அமெரிக்க விடுதலைத் தீர்மானத்துக்கு வாக்களித்தது 1776 ஜூலை 2, பிரகடனத்தை ஏற்றது ஜூலை 4, பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. இந்திய அரசமைப்புச் சட்டத்தை ஏற்றது 1949 நவம்பர் 26, அது நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. தேர்தல்களில் வாக்களித்த நாள், முடிவு தெரிந்த நாள், பதவியேற்ற நாள் மூன்றும் கலந்துபோவது வாடிக்கை. 'பிரதமரானார்' என்ற வினை இந்த மூன்றில் எதையும் குறிக்கலாம் என்பதால் அதைத் தொடவே வேண்டாம், 'பதவியேற்றார்' என்று எழுதுங்கள்.

பட்டியல் சேர்ப்பது

பன்னிரண்டு பதிவு வேண்டுமானால் முப்பது, நாற்பது நிகழ்ச்சிகளைச் சேர்க்க வேண்டும். சரிபார்க்கும்போது பாதி கழிந்துவிடும். மீதியில் சில ஒரே நாட்டைப் பற்றியவையாகவோ ஒரே பத்தாண்டைச் சேர்ந்தவையாகவோ இருக்கும்.

ஒரு விரிதாளைத் திறந்து இந்தப் பத்திகளைப் போடுங்கள்: ஆண்டு, இடம், வினை, ஒரு வரிச் சுருக்கம், தேதி எந்த நாட்காட்டியில் உள்ளது, உள்ளூர் நேரம், கிழமை, முதல் ஆதாரம், இரண்டாம் ஆதாரம், முடிவு. எல்லாப் பத்தியும் எல்லா நிகழ்ச்சிக்கும் நிரம்பாது. 'வினை'யும் 'முடிவு'ம் மட்டும் காலியாக இருக்கக் கூடாது.

கலைக்களஞ்சியத்தின் தேதிப் பக்கம் தொடக்கத்துக்கு உதவும், ஆதாரமாக உதவாது. அங்கே கிடைத்த பெயரை வைத்துக்கொண்டு அந்த ஆளைப் பற்றிய, அந்த நிகழ்ச்சியைப் பற்றிய தனிக் கட்டுரைக்கும் நூலுக்கும் போக வேண்டும். தேதிப் பக்கமும் தனிக் கட்டுரையும் முரண்படுவது நிறையவே நடக்கும். ஒன்றைத் திருத்தியவர்கள் மற்றதைத் திருத்தியிருக்க மாட்டார்கள்.

இரண்டு ஆதாரம் என்றால் ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு. இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, சொல்லமைப்பைப் பார்ப்பது. ஒரே உரிச்சொல், ஒரே வரிசை, ஒரே எழுத்துப்பிழை இருந்தால் அவை இரண்டல்ல, ஒன்று. சட்டம், நியமனம், பெயர் மாற்றம் ஆகியவற்றுக்கு அரசிதழ். பேச்சுக்கும் வாக்கெடுப்புக்கும் நாடாளுமன்ற, சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பு. இறப்புக்கு அடுத்த இரண்டு நாள் செய்தித்தாள்கள். எழுத்தாளர்களுக்கு நல்ல வாழ்க்கை வரலாற்று நூல் அல்லது கடிதத் தொகுப்பு. நினைவுக் குறிப்பு நூல்களை நம்பித் தேதி எழுதக் கூடாது. சம்பவத்தைப் பல ஆண்டு கழித்து எழுதுகிறவருக்கு நாளின் மனநிலை நினைவிருக்கும், தேதி இருக்காது.

பழைய செய்தித்தாளில் ஒரு வழுக்கல்: காலைப் பதிப்பில் 'நேற்று' என்று வருவதைக் கவனிக்காமல், தாளின் தலைப்பில் உள்ள தேதியையே நிகழ்ச்சிக்குப் போட்டுவிடுவது. செய்தியின் தொடக்கத்தில் ஊர்ப் பெயரோடு தேதி இருந்தால் அதுவும் செய்தி அனுப்பப்பட்ட நாள்தான். தந்திக் காலத்தில், தொலைவிலிருந்து வந்த செய்தி அச்சாக இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். மாலை இதழ்களுக்குக் கணக்கு வேறு, அவற்றில் 'இன்று' இன்றேதான்.

நாட்காட்டி

அதிகப் பிழைகள் பிறக்கும் இடம் இது. பழைய ஜூலியன் நாட்காட்டியிலிருந்து இன்று நாம் பயன்படுத்தும் கிரெகோரியன் நாட்காட்டிக்கு உலகம் ஒரே நாளில் மாறவில்லை. ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து, இத்தாலியின் பெரும்பகுதி ஆகியவற்றில் 1582 அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் அக்டோபர் 15. பிரிட்டனிலும் அதன் குடியேற்றங்களிலும் 1752 செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. ரஷ்யாவில் 1918 ஜனவரி 31-க்கு அடுத்த நாள் பிப்ரவரி 14. கிரீஸ் அரசு மாறியது 1923-இல்.

பழைய தேதியோடு கூட்ட வேண்டிய நாட்கள்: 1582 முதல் 1700 பிப்ரவரி வரை 10, அதன்பின் 1800 பிப்ரவரி வரை 11, 1900 பிப்ரவரி வரை 12, அதற்குப் பிறகு 13. ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவ் பிறந்தது பழைய கணக்கில் 1818 அக்டோபர் 28. பன்னிரண்டு கூட்டினால் நவம்பர் 9. கவிஞர் க்லெப்னிகோவ் 1885 அக்டோபர் 28. அவரும் நவம்பர் 9-க்கு வருகிறார். இருவரையும் பதின்மூன்று கூட்டி நவம்பர் 10-இல் போடுவது, இருபதாம் நூற்றாண்டுக் கணக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பயன்படுத்துவதால் வரும் பிழை. 'அக்டோபர் புரட்சி'யை நவம்பர் 7-இல் கொண்டாடியது இந்தப் பதின்மூன்று நாளால்தான்.

எதை மாற்றுவது, எதை விடுவது என்று முதலிலேயே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். பரவலாக ஏற்கப்பட்ட விதி: 1582 அக்டோபருக்கு முந்தைய தேதிகளை மாற்றக் கூடாது. ரஷ்யத் தேதிகளை மாற்றிப் பழையதை அடைப்புக்குறிக்குள் தர வேண்டும். 1752-க்கு முந்தைய ஆங்கிலேயத் தேதிகளைப் பெரும்பாலான நூல்கள் மாற்றாமல் விடுகின்றன. ஆனால் ஜார்ஜ் வாஷிங்டன் விதிவிலக்கு. அவர் பிறந்தபோது எழுதப்பட்ட தேதி 1731 பிப்ரவரி 11. இன்று எல்லாரும் சொல்வது 1732 பிப்ரவரி 22. நாள் மட்டுமில்லை, ஆண்டும் மாறியிருப்பதற்குக் காரணம், அப்போது இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. ஜனவரி முதல் மார்ச் 24 வரையுள்ள பழைய ஆங்கிலேயத் தேதி எதைக் கண்டாலும் ஆண்டைச் சந்தேகிக்க வேண்டும்.

மாற்றாமல் விடுவதில் ஒரு சுவையான விபத்து: ஷேக்ஸ்பியரும் செர்வாண்டெஸும் 1616 ஏப்ரல் 23-இல் ஒரே நாளில் இறந்தார்கள் என்பது. இங்கிலாந்தில் அன்று பழைய நாட்காட்டி, ஸ்பெயினில் புதியது. இரண்டுக்கும் இடையே பத்து நாள். போதாக்குறைக்கு, செர்வாண்டெஸ் இறந்தது 22-ஆம் தேதி, அடக்கம்தான் 23. யுனெஸ்கோ அந்தத் தேதியைப் புத்தக நாளாக்கியதால் இந்தக் கதை இனி சாகாது. நீங்கள் எழுதும்போது 'ஒரே நாளில்' என்றும் எழுதக் கூடாது, 'ஒரே தேதியில்' என்றும் எழுதக் கூடாது.

நவம்பர் 9-இல் பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டியும் வருகிறது. நெப்போலியனின் ஆட்சிக் கவிழ்ப்பு 'புருமேர் 18' என்று வழங்குகிறது; குடியரசின் எட்டாம் ஆண்டு புருமேர் 18 என்பது 1799 நவம்பர் 9. அன்று சட்டமன்றங்கள் பாரிஸிலிருந்து சேன் க்ளூவுக்கு மாற்றப்பட்டன, படையின் பொறுப்பு நெப்போலியனிடம் வந்தது. வீரர்கள் மன்றத்துக்குள் நுழைந்து உறுப்பினர்களைத் துரத்தியது மறுநாள். வினை: 'தொடங்கியது'.

இஸ்லாமியச் சந்திர நாட்காட்டியான ஹிஜ்ரியில் ஆண்டு 354 அல்லது 355 நாள் கொண்டது. 'ஹிஜ்ரி இத்தனை என்றால் கி.பி. இத்தனை' என்று ஆண்டை மட்டும் மாற்றினால் ஓராண்டு பிசகலாம். கவிஞர் முகம்மது இக்பால் தம் முனைவர் ஆய்வேட்டில் தம் பிறந்தநாளை ஹிஜ்ரி 1294 துல்கஅதா 3 என்று எழுதி, பக்கத்தில் 1876 என்றும் குறித்தார். ஹிஜ்ரித் தேதியை முழுசாக மாற்றினால் 1877 நவம்பர் 9 வருகிறது. பழைய நூல்களில் 1873, 1876 இரண்டையும் காணலாம். இன்று ஏற்கப்பட்டிருப்பது 1877. சந்திர நாட்காட்டித் தேதிகளில் பிறை பார்த்த இடத்தைப் பொறுத்து ஒரு நாள் முன்பின்னாகும். இஸ்லாமிய, யூத வழக்கில் நாள் அந்தியில் தொடங்குகிறது, பஞ்சாங்க வழக்கில் சூரிய உதயத்தில். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே நடந்தவற்றைப் பஞ்சாங்கக் குறிப்பிலிருந்து எடுத்தால் கிழமை ஒன்று பின்தங்கியே நிற்கும்.

நேரம்

விதி ஒன்றுதான்: நிகழ்ச்சி நடந்த இடத்தின் தேதி. போர்ன்ஹோல்மர் சாவடி திறந்தபோது இந்தியாவில் நவம்பர் 10, அதிகாலை 4 மணி. ஆனாலும் பதிவு 9-இல்தான். பேர்ல் ஹார்பர் தாக்குதல் ஹவாயில் 1941 டிசம்பர் 7. ஜப்பானிய நூல்களில் டிசம்பர் 8. இரண்டும் சரி, ஹவாய்த் தேதியே நம் பட்டியலுக்கு உரியது. ஜெர்மனியின் சரணடைவு 1945 மே 8 இரவு 11.01-க்கு நடைமுறைக்கு வந்தது; மாஸ்கோவில் அப்போது மே 9 பிறந்துவிட்டது, வெற்றி நாள் இரண்டு ஆனதும் அதனால்தான்.

இடமே பூமியில் இல்லாதபோது என்ன செய்வது? நிலவில் ஆம்ஸ்ட்ராங் கால்வைத்தது உலகப் பொது நேரப்படி 1969 ஜூலை 21, 02.56. அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஜூலை 20 இரவு 10.56. கலம் தரையிறங்கியது பொது நேரப்படியும் ஜூலை 20-தான். 'தரையிறங்கியது' என்று 20-இல் போட்டால் எந்தத் தகராறும் இல்லை.

கிழமைச் சோதனை

ஆதாரத்தில் கிழமை இருந்தால் அதிர்ஷ்டம். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஓர் ஆண்டுக்குள் 4/4, 6/6, 8/8, 10/10, 12/12, 9/5, 5/9, 11/7, 7/11, பிப்ரவரியின் கடைசி நாள் ஆகிய எல்லாமே ஒரே கிழமையில் விழும். அந்தக் கிழமையைக் காண, நூற்றாண்டின் அடிப்படைக் கிழமையை எடுங்கள்: 1700-களுக்கு ஞாயிறு, 1800-களுக்கு வெள்ளி, 1900-களுக்குப் புதன், 2000-களுக்குச் செவ்வாய். ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தை 12-ஆல் வகுத்து ஈவு, மீதி, அந்த மீதியை 4-ஆல் வகுத்த ஈவு மூன்றையும் கூட்டி, அத்தனை நாள் முன்னே தள்ளுங்கள்.

1989-க்கு: 89-ஐ 12-ஆல் வகுத்தால் ஈவு 7, மீதி 5; 5-ஐ 4-ஆல் வகுத்தால் ஈவு 1. கூட்டினால் 13, ஏழைக் கழித்தால் 6. புதனிலிருந்து ஆறு நாள் தள்ளினால் செவ்வாய். நவம்பர் 7 செவ்வாய் என்றால் நவம்பர் 9 வியாழன். இதே வழியில் 1918 நவம்பர் 9 சனி, 1923 வெள்ளி, 1938 புதன்.

ஆண்டில் ஒன்று பிசகியிருந்தால் கிழமை ஒன்றோ இரண்டோ நகர்ந்து பிழையைக் காட்டிக்கொடுக்கும். சரியாக ஏழு நாள் பிசகினால் இந்தச் சோதனை எதையும் காட்டாது. கிரெகோரியன் தேதிக்கு மட்டுமே இது செல்லும். லீப் ஆண்டையும் இதோடு பார்த்துவிடுங்கள்: 1900-இல் பிப்ரவரி 29 கிடையாது, ஆனால் ரஷ்யாவில் பழைய நாட்காட்டியில் இருந்தது.

பிறப்பும் இறப்பும்

பிறந்தநாள்களைக் கொஞ்சமாகப் போடுவதே மேல். பிறந்த நாளில் யாரும் எதையும் சாதிப்பதில்லை. பட்டியலை நிரப்ப வசதியாக இருப்பதால்தான் அவை பெருகுகின்றன. மூன்றோ நான்கோ போதும்.

பள்ளியில் சேர்க்கும்போது சொன்ன தேதி ஆயுள் முழுக்க ஒட்டிக்கொள்வது உண்டு. 2005 நவம்பர் 9-இல் காலமான முன்னாள் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணனின் அதிகாரபூர்வப் பிறந்தநாள் 1920 அக்டோபர் 27. உண்மையில் பிறந்தது 1921 பிப்ரவரி 4 என்றே குறிப்பிடப்படுகிறது. இப்படிப்பட்டவர்களை இறந்த தேதியில் எழுதிவிடுவது பாதுகாப்பு. ஐரோப்பியத் திருச்சபைப் பதிவேடுகளில் கிடைப்பது ஞானஸ்நானத் தேதி: பீத்தோவனுக்கு 1770 டிசம்பர் 17, ஷேக்ஸ்பியருக்கு 1564 ஏப்ரல் 26. அதற்கு முந்தைய எந்தத் தேதியும் ஊகம்.

இறப்பில் பிசகு குறைவு, ஆனால் அறிவிப்புத் தேதியோடு குழம்பும். பிரான்ஸின் முன்னாள் அதிபர் சார்ல் தெ கோல் இறந்தது 1970 நவம்பர் 9 மாலை. நாட்டுக்குத் தெரிந்தது மறுநாள் காலை. ஆட்சியாளர் இறப்புகளில் இந்த இடைவெளியை எப்போதும் தேடுங்கள்.

பண்பாட்டுப் பக்கம்

அரசியலுக்கு அரசிதழ் இருக்கிறது, நாவலுக்கும் பாட்டுக்கும் இல்லை. பத்திரிகையின் அட்டைத் தேதி கடைக்கு வந்த தேதிக்குப் பிந்தியதாக இருப்பது வழக்கம். ரோலிங் ஸ்டோன் இதழின் முதல் எண்ணில் உள்ள தேதி 1967 நவம்பர் 9; 'நவம்பர் 9 தேதியிட்ட முதல் இதழ்' என்று எழுதினால் சரி, 'அன்று வெளிவந்தது' என்று எழுதக் கூடாது. படங்களுக்கு விழாத் திரையிடல், முதல் காட்சி, பொது வெளியீடு மூன்றும் தனித்தனி. நாட்டுக்கு நாடு வெளியீடும் மாறும். நாடகத்துக்கு முதல் அரங்கேற்றம் கெட்டியான தேதி, விளம்பரத் தாள் அகப்பட்டுவிடும். நூலுக்குப் பெரும்பாலும் மாதத்துக்கு மேல் நுணுக்கமாகக் கிடைக்காது. கிடைக்காவிட்டால் அந்த நாவலைப் பட்டியலில் சேர்க்காமல் விடுங்கள்.

அதனால் பண்பாட்டுப் பதிவுகள் பிறப்பு இறப்பிலேயே வந்து முட்டுகின்றன. நவம்பர் 9 அதில் வளமானது. கவிஞர் அப்போலினேர் பாரிஸில் இன்ஃப்ளூயன்சாவில் இறந்தது 1918-இன் அதே நாள். ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்ம் ஒழிக என்று தெருவில் எழுந்த கோஷத்தில் அவர் பெயரின் பிரெஞ்சு வடிவமான 'கியோம்' ஒலித்தது என்றும், அதுவே சாகக் கிடந்த கவிஞரின் பெயரும் என்றும் ஒரு கதை சொல்வார்கள். இவ்வளவு கச்சிதமாக அமைந்த கதை எதுவானாலும் 'சொல்வார்கள்' என்ற வேலிக்கு உள்ளேயே இருக்கட்டும்.

தற்செயலும் தொடர்பும்

ஒரே தேதியில் பல நிகழ்ச்சி விழுவது பெரும்பாலும் தற்செயல். 1953 நவம்பர் 9-இல் கம்போடியா விடுதலை பெற்றது, சவூதி மன்னர் இப்னு சவூத் இறந்தார், நியூயார்க்கில் கவிஞர் டிலன் தாமஸ் இறந்தார். மூன்றுக்கும் சம்பந்தம் கிடையாது, சம்பந்தம் இருப்பதுபோல் வாக்கியம் அமைக்கக் கூடாது.

சில சமயம் உண்மையான தொடர்பு இருக்கும், அதை விட்டுவிடுவதும் குறைதான். ஹிட்லரின் மியூனிக் கலகம் 1923 நவம்பர் 8 மாலை ஒரு பீர் மண்டபத்தில் தொடங்கி, மறுநாள் ஊர்வலத்தைக் காவலர்கள் சுட்டதோடு அடங்கியது. நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் அதை ஆண்டுதோறும் மியூனிக்கில் கொண்டாடினார்கள். 1938-இல் அந்தக் கொண்டாட்டத்துக்குக் கூடியிருந்த தலைவர்களிடையே, பாரிஸில் சுடப்பட்ட ஜெர்மன் தூதரக அதிகாரி இறந்த செய்தி வந்ததும் நாஜி பிரசார அமைச்சர் கோயபல்ஸ் பேசிய பேச்சிலிருந்துதான் யூதர்கள் மீதான அன்றிரவுத் தாக்குதல் நாடெங்கும் கிளம்பியது. இங்கே 1923-உம் 1938-உம் ஒரே தேதியில் இருப்பது தற்செயல் இல்லை. 1923-இன் அதே பீர் மண்டபத்தில் ஹிட்லரைக் கொல்ல கியோர்க் எல்சர் வைத்த குண்டு வெடித்தது 1939 நவம்பர் 8. ஒரு நாள் முந்தியது என்பதால் இந்தப் பட்டியலில் அதற்கு இடமில்லை, எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

தேதியின் கனம் தலைப்பையும் தொனியையும் கட்டுப்படுத்தும். சுவர் திறந்த நாளை தேசிய விழாவாக்கலாம் என்ற பேச்சு ஜெர்மனியில் எழுந்தது. 1938-இன் நிழல் விழுந்ததால் அக்டோபர் 3 தேர்வானது. 'மகிழ்ச்சியான நவம்பர் 9' போன்ற தலைப்பு அந்தக் காரணத்தாலேயே ஆகாது. படுகொலைப் பதிவுக்குப் பக்கத்தில் வேடிக்கைத் துணுக்கு வைக்காதீர்கள்; ஆண்டு வரிசை அப்படி அமைத்துவிட்டால் துணுக்கை நீக்குங்கள்.

வரியை எழுதுவது

ஒரு பதிவு 45 சொற்களைத் தாண்ட வேண்டாம். இடமும் வினையும் முதல் வாக்கியத்திலேயே வந்துவிட வேண்டும். அன்றிருந்த பெயரை எழுதுங்கள்: 2000 நவம்பர் 9-இல் உருவான மாநிலத்தின் பெயர் உத்தராஞ்சல், உத்தராகண்ட் என்று மாறியது 2007-இல். 1914 முதல் 1924 வரை நடந்தவற்றுக்கு இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் பெயர் பெட்ரோகிராட், லெனின்கிராட் அல்ல.

எண்ணிக்கையோடு அதைச் சொன்னவர் யார் என்பதும் வர வேண்டும். 1938 தாக்குதலில் இறந்தவர்கள் 91 என்பது நாஜி அரசு தந்த கணக்கு. உண்மை அதைவிட மிக அதிகம் என்பதே ஆய்வாளர்களின் முடிவு. 91-ஐ அப்படியே எழுதினால் கொலைசெய்தவர்களின் கணக்கை வாசகருக்குக் கொடுத்ததாகும். 'முதல்', 'மிகப்பெரிய', 'உலகிலேயே' மூன்றையும் கண்டால் நிறுத்திச் சரிபாருங்கள். பாதி தடவை 'முதல்' என்பதற்கு முன்னால் ஏதோ ஒரு நிபந்தனை விழுந்துபோயிருக்கும்.

ஆண்டு நிறைவைக் கணக்கிடும்போது நூறாண்டு நிறைவதும் நூறாவது ஆண்டு தொடங்குவதும் வேறு. கி.மு. தேதி என்றால், பூஜ்யம் என்ற ஆண்டு இல்லாததால் கூட்டித் தொகையில் ஒன்றைக் கழிக்க வேண்டும். ஜூலியஸ் சீசர் கொலையுண்ட கி.மு. 44 மார்ச் 15-க்கு இரண்டாயிரம் ஆண்டு நிறைந்தது 1957-இல். 1956 என்று எழுதுவது வழக்கமான பிழை.

மேலே சொன்னபடி சரிபார்த்து எழுதினால் சில பதிவுகள் இப்படி அமையும்:

1799: பிரான்ஸில் டைரெக்டரி என்ற ஐவர் குழு ஆட்சிக்கு எதிரான கவிழ்ப்பு தொடங்கியது. சட்டமன்றங்கள் சேன் க்ளூவுக்கு மாற்றப்பட்டன. பாரிஸ் படைகள் நெப்போலியனின் பொறுப்பில் வந்தன. புரட்சி நாட்காட்டியில் அன்று புருமேர் 18.

1818: ரஷ்ய நாவலாசிரியர் இவான் துர்கனேவ் பிறந்தார் (பழைய நாட்காட்டியில் அக்டோபர் 28).

1848: பிராங்க்ஃபர்ட் தேசிய மன்ற உறுப்பினர் ராபர்ட் புளூம் வியன்னாவில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1918: ஜெர்மன் பேரரசர் முடிதுறந்ததாக சான்சலர் அறிவித்தார், சில மணி நேரத்தில் பெர்லினில் இரண்டு பேர் இரண்டு குடியரசுகளைப் பிரகடனம் செய்தார்கள்.

1929: ஹங்கேரிய எழுத்தாளர் இம்ரே கெர்தேஸ் புடாபெஸ்டில் பிறந்தார். வதைமுகாம்களிலிருந்து உயிர்பிழைத்தவர், 2002-இல் இலக்கிய நோபல் பெற்றார்.

1938: ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் யூத வழிபாட்டிடங்கள், கடைகள், வீடுகள் மீது தாக்குதல் அன்றிரவு தொடங்கி மறுநாளும் நீடித்தது. ஏறக்குறைய 30,000 யூத ஆண்கள் கைதானார்கள்.

1947: ஜூனாகத் சமஸ்தானத்தின் நிர்வாகத்தை இந்திய அரசு ஏற்றது. பொது வாக்கெடுப்பு நடந்தது 1948 பிப்ரவரியில்.

1989: பெர்லின் சுவரின் எல்லைச் சாவடிகள் இரவில் திறக்கப்பட்டன.

கழித்த பதிவுகளை அழிக்காதீர்கள். விரிதாளின் 'முடிவு' பத்தியில் காரணத்தோடு விட்டுவையுங்கள்: 'எல்சர் குண்டு, தேதி 8', 'ரோலிங் ஸ்டோன், அட்டைத் தேதி மட்டும்', 'ஐன்ஸ்டைன், 1921 அல்ல 1922'. அடுத்த ஆண்டு இதே தேதி வரும்போது வேறொருவர் இதே பழைய பட்டியல்களிலிருந்து இதே வரிகளைப் பொறுக்கிக்கொண்டு வருவார். வெளியான பதிவில் பிழை தெரிந்தால் அந்த வரியைச் சத்தமில்லாமல் மாற்றாமல், எது என்றைக்குத் திருத்தப்பட்டது என்று கீழேயே குறித்துவிடுங்கள். பழைய வரியைப் பெயர்த்தெழுதியவர்களில் ஒருவராவது திரும்பி வந்து பார்க்கக்கூடும்.